விசையும் இயக்கமும்: விடைத்தாளில் தெரியும் அறிகுறியிலிருந்து பிழையின் வேர் வரை

ஒன்பதாம் வகுப்பில் இயக்கம், பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள், பதினொன்றாம் வகுப்பில் அதே விதிகள் வெக்டர்களோடு மறுபடியும் எனத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒரு மாணவர் இந்தப் பாடத்தை மூன்று முறை கடந்து வருகிறார். மூன்றாம் முறை வரும்போது நியூட்டனின் விதிகளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கவும், விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கக் கிடைப்பது என்று எழுதி எண்களைப் பொருத்தவும் அவருக்குத் தெரியும். ஆயினும், மேலே எறிந்த பந்தின் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று கேட்டால், விதிகளைப் படிக்காத ஒருவர் சொல்லும் விடையையே அவரும் சொல்வதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். இதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. மாணவர் மனத்தில் விசையைப் பற்றி வேறொரு கோட்பாடு முன்பே குடியிருக்கிறது. நாம் கற்பித்தது அதன் மேல் பூசிய வெள்ளைபோல நிற்கிறது. எந்த அறிகுறி எந்த வேரிலிருந்து வருகிறது, அதை எப்படி உறுதி செய்வது, எப்படிக் களைவது என்பதை ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: சொல்லும் கருவியும்

பிழைகளில் பெரும்பகுதி, விசையை ஒரு பொருளுக்குள் இருக்கும் சரக்காக நினைப்பதிலிருந்து பிறக்கிறது. தமிழில் இந்த நினைப்புக்குச் சொல்லே துணை நிற்கிறது. விசைத்தறி, விசைப்படகு என்னும்போது உள்ளே ஓடும் இயந்திரத்தின் ஆற்றலை விசை என்கிறோம். பந்து விசையாக வந்தது என்னும்போது அதன் வேகத்தைச் சொல்கிறோம். இந்த வழக்குகளில் தவறேதும் இல்லை. ஆனால் இயற்பியலின் விசை இவற்றில் எதுவுமன்று. அது இரண்டு பொருள்களுக்கு இடையே நிகழ்வது. ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது, அவ்வளவுதான். தனித்த ஒரு பொருளிடம் விசை இருக்க முடியாது. இதை முதல் நாளே, இந்தச் சொற்களையே எடுத்துக்காட்டி, வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

கருவியாக நான் பயன்படுத்துவது தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதிய எல்லா மாணவருக்கும் பழகியது: அனுப்புநர், பெறுநர். மாணவர் வரையும் ஒவ்வொரு விசை அம்புக்குறிக்கும் அருகில் இந்த இரண்டு பெயர்களையும் எழுதச் செய்ய வேண்டும். மேசை மேல் உள்ள புத்தகத்தின் எடைக்கு அனுப்புநர் பூமி, பெறுநர் புத்தகம். அனுப்புநரின் பெயரை எழுத முடியாத அம்புக்குறி விசையே அன்று; அதை அழித்துவிட வேண்டும். அனுப்புநராக இருக்கும் தகுதிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நம் பாடத்தின் எல்லைக்குள், ஈர்ப்பு, மின்விசை, காந்தவிசை ஆகியவற்றைத் தவிர மற்ற எந்த விசையையும் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்தான் செலுத்த முடியும். தொடுதல் நின்ற கணத்தில் விசையும் நின்றுவிடும். இந்த நிபந்தனையைச் சுவரில் எழுதி ஒட்டலாம். கீழே வரும் திருத்தங்களில் பாதி இதன் மேல் நிற்கின்றன.

அறிகுறி: மேலே எறிந்த பந்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. இது சரியாகாமல் அடுத்து வரும் எதுவும் முழுமையாகச் சரியாவதில்லை.

உறுதி செய்ய, கையை விட்டுப் பிரிந்து மேலேறிக்கொண்டிருக்கும் பந்து, உச்சியில் உள்ள பந்து, இறங்கிக்கொண்டிருக்கும் பந்து என மூன்று படங்களைக் கொடுத்து, காற்றின் தடையைப் புறக்கணித்து விசைகளை வரையச் சொல்லுங்கள். ஏறும் படத்தில் மேல்நோக்கி நீண்ட அம்பும் கீழ்நோக்கிக் குறுகிய அம்பும், உச்சியில் இரண்டும் சமமாகவும், இறங்கும் படத்தில் கீழ்நோக்கிய அம்பு மட்டும் வந்தால் நோய் இதுதான். மூன்று படங்களிலும் கீழ்நோக்கி ஒரே நீளமுள்ள ஓர் அம்பு மட்டும் இருக்க வேண்டும்.

அனுப்புநர் யார் என்று கேட்டால், கை என்பார்கள். கை இப்போது பந்தைத் தொடுகிறதா என்று கேட்டால், சிறிது நேரம் தயங்கிவிட்டு, கை கொடுத்த விசை பந்துக்குள் இருக்கிறது, ஏற ஏற அது தீர்ந்துபோகிறது என்று விளக்குவார்கள். இந்த விடையை ஏளனமாகப் பார்க்கக் கூடாது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ் கிட்டத்தட்ட இதையே சொன்னார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிசில் ஜான் புரிடான் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே வளர்த்தார். எறிபவர் பொருளுக்குள் ஏதோ ஒன்றைப் பதித்து அனுப்புகிறார் என்னும் அந்தக் கருத்திலிருந்து விலகி வர, பெரும் அறிஞர்களுக்கே சில நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. நம் மாணவருக்கு ஒரு வாரம் கொடுப்பதில் தவறில்லை.

திருத்தம் மறுப்பிலிருந்து தொடங்கக் கூடாது. மாணவர் உணர்ந்ததற்குச் சரியான பெயரைக் கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். கை பந்துக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தது உண்மைதான், ஏறும்போது அது குறைவதும் உண்மைதான், ஆனால் அதன் பெயர் உந்தம் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கக் கிடைப்பது), விசை அன்று என்று சொல்லுங்கள். உந்தம் பொருளோடு போகும். விசை தொடர்பு இருக்கும்வரை மட்டும் இருக்கும். கையிலிருந்த நேரத்தில் விசை செயல்பட்டது, அதனால் உந்தம் வந்தது. பிறகு பூமியின் இழுப்பு ஒன்றே அந்த உந்தத்தை ஒரே சீராகக் குறைத்து, பின் எதிர்த்திசையில் கூட்டுகிறது. தன் எண்ணம் முழுவதும் பொய்யில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்று தெரியும்போது மாணவர் அதை விட்டுக்கொடுக்க முன்வருகிறார்.

அடுத்து ஒரு செயல்விளக்கம். தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரு துளையிட்டு, மூடியைக் கழற்றி, தண்ணீர் நிரப்புங்கள். கையில் பிடித்திருக்கும்போது துளையிலிருந்து நீர் பீய்ச்சும். பாட்டிலைக் கீழே விட்டால் விழும் நேரம் முழுவதும் நீர் நின்றுவிடும் என்பதைப் பலர் ஊகிப்பார்கள். இப்போது அதை மேல்நோக்கி எறியப்போவதாகச் சொல்லி, ஏறும்போது என்ன ஆகும் என்று ஊகித்து எழுதச் சொல்லுங்கள். ஏறும்போது இன்னும் வேகமாகப் பீய்ச்சும் என்று எழுதுபவர்களே அதிகம். எறிந்து பார்த்தால், கையை விட்ட கணத்திலிருந்து, ஏறும்போதும் நீர் நின்றுவிடுகிறது. திறந்த வெளியில், சுழலாமல் எறிந்து, கைபேசியில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். ஏறுவதும் விழுவதும் விசையைப் பொறுத்தவரை ஒரே நிலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செலவில்லாத சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

அறிகுறி: “ஓடிக்கொண்டிருக்க வேண்டுமானால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்”

இந்தக் கேள்வியைக் கொடுங்கள்: ஒரு பெட்டியைக் கிடைமட்டமாக 50 நியூட்டன் விசையுடன் தள்ளும்போது, அது தரையில் மாறாத திசைவேகத்துடன் நகர்கிறது, உராய்வு விசை எவ்வளவு? 50 நியூட்டனைவிடக் குறைவு, இல்லாவிட்டால் எப்படி நகரும் என்ற விடை வந்தால், வேரில் இருப்பது அரிஸ்டாட்டில் காலத்து எண்ணம்.

இந்த எண்ணம் அனுபவத்திலிருந்து வருவதால் வலுவானது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்கிறது. வடத்தை இழுப்பதை நிறுத்தினால் தேர் நிற்கிறது. ஆகவே கேள்வியைத் திருப்ப வேண்டும். ஏன் ஓடுகிறது என்று கேட்காமல், ஏன் நிற்கிறது என்று கேளுங்கள். தேரை நிறுத்திய விசைக்கு அனுப்புநர் யார்? சக்கரத்தடியில் உள்ள சாலையும், அச்சின் உராய்வும். இவற்றைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குக் கேரம் பலகை போதும். மாவு போடாத பலகையில் ஸ்டிரைக்கரை ஒரு சுண்டு, மாவு போட்ட பலகையில் அதேபோல் ஒரு சுண்டு. தூரத்தை அளந்து பலகையில் எழுதி, மாவு இன்னும் வழவழப்பாக இருந்தால், உராய்வே இல்லாமல் போனால் என்று மாணவர்களே நீட்டிச் சொல்லும்வரை காத்திருங்கள். கலிலியோ சாய்தளங்களை வைத்துக்கொண்டு நடந்த வழி இதுதான். பூமிக்கு வெளியே ஒரு சான்று வேண்டுமானால், 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்றும் வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு எந்த எந்திரமும் ஓடவில்லை, சூரியனின் ஈர்ப்பு மட்டும் மிகச் சிறிதளவு பின்னிழுக்கிறது.

அதன்பின் பெட்டிக்குத் திரும்பி, அதன் பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஓய்விலிருந்து நகரத் தொடங்கும் அந்தச் சில கணங்களில் தள்ளுவிசை உராய்வைவிட அதிகமாகத்தான் இருந்தது. அதனால்தான் வேகம் பிறந்தது. வேகம் மாறாமல் போகும் நேரத்தில் இரண்டும் சமம். மாணவரின் உள்ளுணர்வு முதல் கட்டத்துக்குச் சரி; அதை இரண்டாம் கட்டத்துக்கும் நீட்டியதுதான் பிழை.

இந்தப் பிழைக்கு ஆசிரியரின் வாய்ச்சொல்லும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சமன் செய்யப்பட்ட விசைகள் செயல்பட்டால் பொருள் ஓய்வில் இருக்கும் என்று சுருக்கமாகச் சொல்லி, ‘அல்லது மாறாத திசைவேகத்தில் நகரும்’ என்னும் பாதியை விட்டுவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொல்லியிருக்கிறேன். சமன்செய்த விசைகளுக்கு எடுத்துக்காட்டுக் கொடுக்கும்போது, ஓய்வில் உள்ள ஒன்றையும் சீராக நகரும் ஒன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். சீரான வேகத்தில் இறங்கும் மழைத்துளி இரண்டாவதற்கு நல்ல துணை.

அறிகுறி: “உச்சியில் முடுக்கம் சுழி”

முதல் அறிகுறியைத் திருத்திய பிறகும் இது தங்கிவிடுவதுண்டு. இதன் வேர் விசையில் இல்லை, திசைவேகத்தையும் அதன் மாற்றத்தையும் ஒன்றாக நினைப்பதில் இருக்கிறது. புவிஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொண்டு, வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்துடன் மேலே எறிந்த கல்லின் திசைவேகத்தை வினாடிதோறும் எழுதச் சொல்லுங்கள்: 20, 10, 0, −10, −20. அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு எங்கும் −10. சுழிக்கு முன்னும் பின்னும் மட்டும் வேறுபாடு மாறுகிறதா என்று கேளுங்கள். பின்னர் ஒரே ஒரு கேள்வி: உச்சியில் திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால், அடுத்த கணத்தில் கல் என்ன செய்யும்? அங்கேயே நின்றுவிடும் என்று மாணவரே சொல்வார். அந்த விடை அவருடைய வாயிலிருந்து வர வேண்டும். திசைவேகம்–காலம் வரைபடத்தை வரைந்து, கோடு காலஅச்சை வெட்டும் இடத்தில் அதன் சாய்வு மாறவில்லை என்று காட்டினால் முடிந்தது.

அறிகுறி: புத்தகத்தின் எடையும் மேசையின் செங்குத்து விசையும் மூன்றாம் விதியின் இணை என்று எழுதுவது

மிகப் பரவலான பிழை இது. கையேடுகளிலும் வழிகாட்டி நூல்களிலும்கூட நுழைந்துவிட்டது. இரண்டு விசைகளும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் ஏமாற்றுகிறது. இங்கே அனுப்புநர், பெறுநர் கருவி தன் முழுப் பலனையும் தருகிறது. ஒரு பொருள் இன்னொன்றின் மீது விசை செலுத்தினால், அதுவும் அதே அளவு விசையை எதிர்த்திசையில் திருப்பிச் செலுத்தும் என்பது மூன்றாம் விதி. ஆகவே அதன் இணை என்றால், இரண்டு கடிதங்களிலும் அனுப்புநரும் பெறுநரும் இடம் மாறியிருக்க வேண்டும். பூமி புத்தகத்தை இழுக்கிறது என்பதன் இணை, புத்தகம் பூமியை இழுக்கிறது என்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது என்பதன் இணை, புத்தகம் மேசையைத் தள்ளுகிறது என்பது. எடையும் செங்குத்து விசையும் ஒரே பெறுநருக்கு வந்த இரண்டு வேறு கடிதங்கள். அவை சமமாக இருப்பது புத்தகம் முடுக்கமின்றி இருப்பதால். காரணம், விசைகள் சமனானால் பொருளின் இயக்கம் மாறாது என்னும் முதல் விதி, மூன்றாம் விதி அன்று.

இதைக் கேட்டுத் தலையசைக்கும் மாணவருக்கு ஒரு மின்தூக்கிக் கணக்கைக் கொடுங்கள். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நிற்கும் மின்தூக்கி மேல்நோக்கி வினாடிக்கு வினாடி 2 மீட்டர் என முடுக்கம் பெறுகிறது. எடை 500 நியூட்டன். தளம் அவரைத் தள்ளும் விசை 600 நியூட்டன். மூன்றாம் விதியின் இணை எந்தச் சூழலிலும் சமமாகவே இருக்கும். இவையோ சமமாக இல்லை. ஆகவே இவை இணையாக இருந்ததே இல்லை.

சிலரிடம் இதற்கும் கீழே ஒரு பிழை இருக்கும். மேசை தள்ளுவதையே அவர்கள் ஏற்பதில்லை. மேசை சும்மா தடுக்கிறது, உயிரில்லாத பொருள் எப்படித் தள்ளும் என்பார்கள். அவர்களைப் படிப்படியாக அழைத்து வர வேண்டும். உள்ளங்கையில் கனமான புத்தகத்தை வைத்து, கை தள்ளுகிறதா என்று கேளுங்கள், ஆம் என்பார்கள். பிறகு சுருள்வில்லின் மேல், பிறகு பஞ்சு மெத்தையின் மேல், பிறகு இரண்டு செங்கற்களுக்கு இடையே வைத்த மெல்லிய பலகையின் மேல். ஒவ்வொன்றும் சற்று அமுங்குகிறது, அமுங்கியதால் திருப்பித் தள்ளுகிறது. கடைசியாக மேசை. அது அமுங்குவது கண்ணுக்குத் தெரியாது. மேசையின் நடுவில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, லேசர் ஒளியை அதில் சாய்வாகப் பட வைத்து, தொலைவிலுள்ள சுவரில் புள்ளியாக விழச் செய்து, மேசையை அழுத்தினால் புள்ளி நகர்வதைக் காணலாம். லேசர் யார் கண்ணிலும் படாதபடி, அதை அசையாமல் மேசைக்கு வெளியே பொருத்திவிட்டுச் செய்யுங்கள். இந்தப் படிகளில் எதையும் தாண்டிக் குதிக்காதீர்கள். பலகையிலிருந்து மேசைக்கு வரும் அந்த ஒரு படியில்தான் மாற்றம் நிகழ்கிறது.

அறிகுறி: “லாரி ஸ்கூட்டரை அதிக விசையுடன் மோதியது”

மூன்றாம் விதியை எழுதிய அதே தாளின் அடுத்த பக்கத்தில் இந்த வாக்கியம் இருக்கும். பெரியது, வேகமானது, தொடங்கி வைத்தது அதிக விசை செலுத்தும் என்பது நினைப்பு. பழைய நூல்களின் ‘வினை, எதிர்வினை’ என்ற மொழியும் இதற்கு ஊட்டம் தருகிறது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று பழகிய காதுக்கு, எதிர்வினை என்றாலே பின்னால் வருவது. இரண்டு விசைகளில் எது முதல், எது விளைவு என்ற வேறுபாடே கிடையாது. இரண்டும் ஒரே கணத்தில் பிறந்து ஒரே கணத்தில் முடிகின்றன. கடிதம் என்ற நம் உவமைக்கும் இங்கே ஓர் எல்லை உண்டு என்பதை மாணவரிடம் சொல்லிவிடுங்கள்: கடிதத்துக்குப் பதில் பிறகு வரும், விசைக்கு அப்படியில்லை.

இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொக்கி மாட்டி, வலுவான மாணவரையும் மெலிந்த மாணவரையும் இரு முனையிலும் இழுக்கச் செய்யுங்கள். அளவுகள் எப்போதும் ஒன்றே. பிறகு ஒரு முனையைச் சன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். கம்பி பக்கத்துத் தராசும் அதே அளவைக் காட்டும். அடுத்து, சேதம் ஏன் வேறுபடுகிறது என்ற நியாயமான கேள்விக்குக் கணக்கால் விடை சொல்லுங்கள். 10,000 கிலோகிராம் லாரியும், ஓட்டுநருடன் 200 கிலோகிராம் ஸ்கூட்டரும் மோதும்போது ஒவ்வொன்றின் மீதும் 20,000 நியூட்டன் விசை செயல்படுவதாகக் கொண்டால், லாரியின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 2 மீட்டர், ஸ்கூட்டரின் முடுக்கம் 100 மீட்டர். விசை ஒன்றுதான், அதைத் தாங்கும் நிறை வேறு. மாணவர் ‘அதிக விசை’ என்று எழுதும்போது அவர் மனத்தில் இருப்பது அதிக விளைவு.

இதற்கு அடுத்து எழும் கேள்வி, சமமும் எதிருமான விசைகள் ஒன்றையொன்று நீக்கிவிட்டால் மாட்டு வண்டி எப்படி நகரும் என்பது. இதைக் கேட்கும் மாணவர் உண்மையில் யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். பெறுநர் வண்டி என்று இருக்கும் விசைகளை மட்டும் எடுத்துக் கூட்டச் சொல்லுங்கள்: மாடு முன்னிழுப்பது, சாலையும் அச்சும் தடுப்பது. வண்டி மாட்டைப் பின்னிழுக்கும் விசையின் பெறுநர் மாடு. வண்டியின் கணக்கில் அதற்கு இடமில்லை. மாடு முன்னே போவது, அதன் குளம்பு தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை அதை முன்னோக்கித் தள்ளுவதால். சேற்றில் குளம்பு வழுக்கும்போது மாடு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் வண்டி நகராததைப் பார்த்த மாணவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ராக்கெட் காற்றைத் தள்ளித்தான் மேலேறுகிறது என்ற பிழையும் இதே குடும்பம். அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டின் ராக்கெட்டுகள் வெற்றிடத்தில் இயங்க முடியாது என்று 1920 ஜனவரி 13 அன்று தலையங்கம் எழுதிய நியூயார்க் டைம்ஸ், அப்பல்லோ 11 நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று அதைத் திருத்திக்கொண்டது. ராக்கெட் தள்ளுவது தன்னிடமிருந்து வெளியேறும் வாயுவை. அந்த வாயு ராக்கெட்டைத் தள்ளுகிறது. வேறு எதுவும் அங்கே தேவையில்லை.

அறிகுறி: “பிரேக் போட்டதும் முன்னால் தள்ளிவிட்டது”

‘முன்னாடி தள்ளிடுச்சு சார்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லை. தமிழில் எழுவாய் இல்லாமலேயே வாக்கியம் இயல்பாக நிற்கும் என்பதால், தள்ளியது யார் என்ற கேள்வி மாணவருக்கு எழுவதே இல்லை. எழுவாயைப் போட்டு முழு வாக்கியமாக எழுதச் சொன்னால் அவரே தடுமாறுவார். முன்னோக்கித் தள்ளிய பொருள் எதுவும் இல்லை. பேருந்தின் தளம் உராய்வால் பாதங்களைப் பின்னோக்கி இழுக்கிறது. உடலின் மேற்பகுதி நிலைமத்தால் முன்பிருந்த வேகத்திலேயே போகிறது. சாலையோரம் நிற்பவர் கண்ணாடிச் சன்னல் வழியே பார்ப்பதாக நினைத்து வரையச் சொன்னால் படம் தெளிவாகும்.

வளைவில் வெளிப்பக்கம் தள்ளப்படுவதாக உணர்வதும் இதேதான். இங்கே மைய விலக்கு விசை என்ற சொல் பாடத்திலேயே இருப்பதால் கவனம் தேவை. சாலையோரத்திலிருந்து பார்ப்பவரின் கணக்கில் அந்த விசைக்கு இடமில்லை. பேருந்தோடு சேர்ந்து திரும்புபவரின் கணக்கில் மட்டும், அவருடைய சட்டகம் (அவர் நின்று பார்க்கும் பேருந்து) முடுக்கம் பெறுவதால், அதைச் சேர்த்துக்கொள்கிறோம். எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லாமல் இரண்டு விசைகளையும் ஒரே படத்தில் வரைவதுதான் குழப்பத்தின் தொடக்கம். நூலில் கட்டிச் சுழற்றும் கல்லின் மீது மையநோக்கு விசையும் மைய விலக்கு விசையும் சமன் ஆகின்றன என்று எழுதும் மாணவரிடம், சமன் ஆகியிருந்தால் முதல் விதிப்படி கல் எப்படிப் போக வேண்டும் என்று கேளுங்கள். நேர்கோட்டில் என்பார், வட்டத்தில் அல்லவா போகிறது! கவணிலிருந்து விடுபட்ட கல் ஆரத்தின் வழியே வெளியே பாய்வதில்லை, தொடுகோட்டில் போகிறது என்பதையும் சேர்த்துக் காட்டலாம்.

அறிகுறி: எடை 45 கிலோகிராம்

ரேஷன் கடையிலும் மருத்துவரிடமும் எடை கிலோகிராமில்தான் சொல்லப்படுகிறது. இதை அழிக்க முயல வேண்டாம். இயற்பியல் விடைத்தாளில் எடை ஒரு விசை, அலகு நியூட்டன் என்று மட்டும் நிலைநிறுத்தினால் போதும். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவுக்குக் கொண்டுசேர்த்த பிரக்யான் ஊர்தியின் நிறை 26 கிலோகிராம். அதன் எடை பூமியில் சுமார் 255 நியூட்டன், நிலவில் சுமார் 42 நியூட்டன், நிறை இரண்டிடத்திலும் அதே 26.

அறிகுறி: கனமானது முதலில் விழும்

காகிதத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் தனித்தனியே விடுங்கள்; பிறகு காகிதத்தைப் புத்தகத்தின் மேல், ஓரம் வெளியே நீளாமல் வைத்து விடுங்கள். இரண்டும் சேர்ந்தே விழும். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாக விட்ட காட்சியையும் காட்டலாம். ஆனால் காட்சியோடு நிறுத்தினால், ‘கனமானதைப் பூமி அதிகமாக இழுக்கிறதே’ என்ற மாணவரின் கேள்வி விடையின்றிப் போகும். அவர் சொல்வது சரி. இரு மடங்கு நிறையை இரு மடங்கு விசை இழுக்கிறது, ஆனால் அதன் இயக்கத்தை மாற்றுவதும் இரு மடங்கு கடினம். முடுக்கம் ஒன்றாகவே வருகிறது.

அறிகுறி: வாய்பாடு சரி, விடை தவறு

மணிக்குக் கிலோமீட்டரை மாற்றாமல் பொருத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 36 என்றால் வினாடிக்கு 10 மீட்டர் என்ற ஓர் இணை மனத்தில் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். குறியீட்டுப் பிழைதான் நுட்பமானது. 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேலிருந்து வினாடிக்கு 15 மீட்டர் திசைவேகத்தில் மேல்நோக்கி எறிந்த கல் எத்தனை வினாடியில் தரையை அடையும்? மேல்நோக்கு நேர்க்குறி என்று வைத்து, இடப்பெயர்ச்சி −20, முடுக்கம் −10 என்று போட்டால் 4 வினாடி வரும். எல்லாவற்றையும் நேர்க்குறியாகப் போட்ட மாணவருக்கு 1 வினாடி வரும். அவர் விடையை வெறுமனே அடித்துவிடாமல், அந்த 1 வினாடி எந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று கேளுங்கள். கல்லைக் கீழ்நோக்கி எறிந்திருந்தால் என்று கண்டுபிடித்த மாணவர், குறியீடு என்பது திசை என்பதை அதன்பின் மறப்பதில்லை.

திருத்திய பிழை திரும்பி வந்தால்

திரும்பி வரும், அதுவே வழக்கம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தம் மாணவர்களுக்கு விசையைப் பற்றிய கருத்துநிலை வினாக்களைக் கொடுத்தபோது, நீங்கள் கற்பித்தபடி விடையளிப்பதா, நான் நினைக்கிறபடி விடையளிப்பதா என்று மாணவர் ஒருவர் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். இரண்டு விடைகளும் ஒரே மனத்தில் அருகருகே இருக்கின்றன. தேர்வறையில் ஒன்று பேசுகிறது, சாலையில் மற்றொன்று பேசுகிறது. ஆகவே பாடம் முடிந்த மறுநாள் வைக்கும் சோதனை எதையும் உறுதி செய்யாது.

இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து, எண்களே இல்லாத வினாக்களை, பழைய பிழையை வேறு உடையில் காட்டி, ஐந்து நிமிடத்துக்குக் கொடுங்கள். பந்துக்குப் பதில் கால்பந்தை உதைத்த பிறகு அது புல்லில் உருளும் காட்சி. லாரிக்குப் பதில் கபடியில் பாடிவருபவரை மடக்கிப் பிடிக்கும் காட்சி. விடையோடு காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். மறுபடியும் பழைய அம்புக்குறி வந்திருந்தால் பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டாம். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு அம்புக்கும் அருகில் அனுப்புநரை எழுதச் சொல்லிவிட்டு, பேசாமல் காத்திருங்கள். உருளும் கால்பந்தின் முன்னோக்கிய அம்புக்கு அருகில் ‘கால்’ என்று எழுதியவர், கால் பத்து மீட்டர் பின்னால் இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, தானே ரப்பரைத் தேடுவார்.